முதுமையும் ஓட்டுநர் உரிமமும்: எதைப் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும்?

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

என் தந்தைக்கு வரும் ஆவணியில் எழுபத்தைந்து வயது நிறைகிறது. அவருடைய ஓட்டுநர் உரிமமும் அதையொட்டியே காலாவதியாகிறது. புதுப்பிக்க விண்ணப்பிப்பதா, இத்துடன் போதும் என்று அவரிடம் எடுத்துச் சொல்வதா என்பதில் எங்கள் வீட்டில் ஒத்த கருத்து இல்லை. தம்பி கூடவே கூடாது என்கிறான். அம்மாவோ, அவர் ஓட்டாவிட்டால் தமக்கு மருத்துவமனையும் இல்லை, கோயிலும் இல்லை, உறவினர் வீடும் இல்லை என்கிறார். தந்தை பல பத்தாண்டுகளாகக் கார் ஓட்டுபவர். இதுவரை ஒருவர் மீதும் மோதியதில்லை. ஆனால் கடந்த ஓராண்டாகக் காரின் இடப்பக்கப் பின்கதவில், எங்கள் வாசல் கேட்டின் தூண் உரசும் உயரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறல்கள் விழுந்து வருகின்றன. அவற்றைப் பற்றி அவர் பேச விரும்புவதில்லை.

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முப்பது வயதுக்குள் உரிமம் பெறுபவருக்கு அது நாற்பது வயது வரை செல்லும். முப்பது முதல் ஐம்பது வரை பத்தாண்டுகள். ஐம்பது முதல் ஐம்பத்தைந்துக்குள் பெற்றால் அறுபது வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டுகள். உச்ச வயது வரம்பு என்று எதுவும் இல்லை. நாற்பதைக் கடந்தவர் படிவம் 1-ஏ என்ற மருத்துவச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். நாற்பது வயதுக்காரர் கொடுக்கும் அதே படிவத்தைத்தான் எண்பது வயதுக்காரரும் கொடுக்கிறார். இது போதுமா? வயதானவர்கள் சாலையில் ஓட்டுவது உண்மையில் ஆபத்தா, அல்லது நமது அச்சம் மிகையானதா? அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.


சாலைப்பொறியாளர் (திருச்சி) எழுதியது:

நெடுஞ்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் பிரச்சினையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி 2022இல் நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடு முதலிடம். உயிரிழப்பில் 17,884 பேரோடு உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். உயிரிழப்புகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. பைபாஸில் நூறைத் தாண்டிப் பறப்பவர்களும், குடித்துவிட்டு ஓட்டுபவர்களும், எதிர்த்திசையில் வருபவர்களும் பெரும்பாலும் எழுபது வயதுக்காரர்கள் அல்லர். அரசிடம் இருக்கும் ஆள்பலம் கொஞ்சம். அதை முதியவர்களைச் சலித்தெடுப்பதில் செலவிடுவதைவிட வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் செலவிட்டால் காப்பாற்றப்படும் உயிர்கள் பன்மடங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு வழிச்சாலைகளில் நடுத்தடுப்பை உடைத்து இடைவெளி விட்டிருக்கிறோமே, அங்கே வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் வண்டிக்குத் தனித் தடம் பல இடங்களில் கிடையாது. பின்னால் பேருந்து ஹாரன் அடித்தபடி நெருங்கும். எதிரே வரும் லாரியின் வேகத்தைக் கண்ணால் அளந்து ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். அந்த இடத்தில் இளைஞரே தடுமாறுவார். முதியவர் தவறிவிட்டால் வயதைக் குற்றம் சொல்கிறோம். அந்த இடைவெளியை அப்படி அமைத்தவர்களைக் கேட்பதில்லை.


எண்ணும்எழுத்தும் எழுதியது:

சாலைப்பொறியாளர் ஐயா கொடுத்த எண்கள் சரியானவை. ஆனால் அவை இறந்தவர்களின் வயதைச் சொல்கின்றன. வண்டியை ஓட்டித் தவறு செய்தவர்களின் வயதைச் சொல்லவில்லை. மேலும், முதியவர்கள் குறைந்த தூரமே ஓட்டுகிறார்கள். எனவே ஓட்டிய தூரத்தால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அப்படி வகுத்துப் பார்த்திருக்கிறார்கள். இருபதுக்கு உட்பட்டவர்களிடம் விபத்து விகிதம் மிக உயரத்தில் இருக்கிறது; நடுவயதில் தாழ்ந்து கிடக்கிறது; எழுபதுக்குப் பிறகு மெல்ல ஏறத் தொடங்கி எண்பதுக்கு மேல் செங்குத்தாக ஏறுகிறது.

இந்த ஏற்றத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. எண்பது வயது உடல் நொறுங்கக்கூடியது. இளைஞர் சிராய்ப்போடு எழுந்துவிடும் மோதலில் முதியவர் இறந்துவிடுகிறார். எனவே உயிரிழப்பை மட்டும் எண்ணினால் அவர்கள் உண்மையைவிட ஆபத்தானவர்களாகத் தெரிவார்கள். அதுபோலவே, குறைவாக ஓட்டுபவர்கள் எந்த வயதினராயினும் பெரும்பாலும் சந்திகள் நிறைந்த நகரத் தெருக்களில்தான் ஓட்டுகிறார்கள். அங்கே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மோதல் வாய்ப்பு அதிகம். இந்த இரண்டையும் கழித்தால் ஏற்றம் வெகுவாகத் தணிகிறது. முழுவதும் மறைவதில்லை.

முதியவர்களின் விபத்துக்கென்று ஒரு தனி வடிவம் உண்டு. வேகமோ மதுவோ அங்கே காரணமாவது குறைவு. சந்தியில், எதிர்வரும் வண்டியைக் குறுக்காகக் கடந்து திரும்பும்போது, "பார்த்தேன், ஆனால் வண்டி தெரியவில்லை" என்று சொல்லும்படி நேர்வதே அதிகம். பிரிட்டனின் இளவரசர் பிலிப் 2019 ஜனவரியில், தமது 97ஆம் வயதில், சாண்ட்ரிங்காம் அருகே பக்கச் சாலையிலிருந்து முதன்மைச் சாலைக்கு வந்தபோது மோதியது இந்த வகைதான். தாழ்ந்திருந்த வெயிலில் எதிரே வந்த கார் தெரியவில்லை என்று காயமடைந்த பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே உரிமத்தைத் தாமாக ஒப்படைத்தார்.


கடைமடை (மன்னார்குடி வட்டம்) எழுதியது:

எனக்கு எழுபத்திரண்டு வயது. தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்களைப் பற்றி எங்களை வைத்துக்கொண்டே பேசுவதில் தவறில்லை. ஆனால் எங்கள் தரப்பையும் கேட்க வேண்டும்.

என் மனைவிக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தபிறகு தஞ்சாவூருக்கு அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பது நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பேருந்தின் முதல் படி என் மனைவியின் முழங்கால் உயரம் இருக்கிறது. கம்பியைப் பிடித்து ஒரு காலை மேலே வைத்துவிட்டு மறுகாலைத் தூக்குவதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிடுகிறார். வாடகைக் கார் வைத்தால் ஒரு முறை போய்வருவதற்கே ஓய்வூதியத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடும். எனவே நான் ஓட்டுகிறேன்.

எப்படி ஓட்டுகிறேன் என்பதையும் சொல்கிறேன். பொழுது சாய்ந்தபின் வண்டியை எடுப்பதில்லை. மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுவேன். நான்கு வழிச்சாலையைத் தவிர்த்து உள் வழியாகச் செல்கிறேன். பதினைந்து நிமிடம் கூடுதலாகும், பரவாயில்லை. வலப்பக்கம் திரும்ப அஞ்சும் சந்தியில் நேராகச் சென்று, ரவுண்டானாவைச் சுற்றி வந்து இடப்பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இவற்றை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை, உடம்பே சொல்லிக்கொடுத்தது. வயது என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்து உரிமத்தைப் பறித்தால், இப்படித் தம்மைத் தாமே அளந்து ஓட்டுபவரும், அளக்கத் தெரியாதவரும் ஒன்றாக வீட்டில் முடங்குவார்கள். அது நீதியாகாது.


புரையகற்றி (கோவை) எழுதியது:

கண் மருத்துவராக இருப்பதால் இந்த இழையில் என் பங்கைச் சொல்வது கடமை என்று கருதுகிறேன். படிவம் 1-ஏ கேட்பது என்ன? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, செவித்திறன் எப்படி என்பவை அதில் முக்கியமானவை. இவை தேவையானவைதாம், ஆனால் முதுமையில் கண்ணுக்கு நேர்வது இந்தக் கேள்விகளுக்குள் முழுமையாக அடங்குவதில்லை.

எண் பலகையைப் படிப்பது நடுப்பார்வை. கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயில் நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும். ஓரப்பார்வைதான் சத்தமில்லாமல் சுருங்கும். நோயாளிக்கு வலி இல்லை, மங்கலும் இல்லை. கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிட்டு, பக்கத்திலிருந்து குறுக்கே வரும் சைக்கிளைக் காணாமல் விடுவார். எண் பலகைச் சோதனையில் இவர் தேறிவிடுவார். அதேபோல் கண்புரை உள்ளவர் பகலில் ஓரளவு சமாளிப்பார். இரவில் எதிரே ஒருவர் ஹை பீமில் வந்தால், கலங்கிய கண்வில்லையில் அந்த ஒளி சிதறி முழுக் காட்சியையும் வெள்ளைத் திரையாக மூடிவிடும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போகும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச்சேர்கிறது. கூச்சத்திலிருந்து மீளவும் அதிக நேரம் பிடிக்கிறது. இப்போது எல்லா வண்டியிலும் வெண்ணிற எல்.இ.டி. விளக்கு, டிப் செய்யும் பழக்கமோ அருகிவிட்டது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வு, கண்புரை உள்ள முதிய ஓட்டுநர்களில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாக இருந்ததைக் காட்டியது. நம் மாநிலத்தில் இந்தச் சிகிச்சைக்குக் குறைவில்லை. 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கட்டணமின்றியும் மிகக் குறைந்த கட்டணத்திலும் இலட்சக்கணக்கானோருக்கு இதைச் செய்து வருகிறது.

வைகைக்கரை அவர்களே, இடப்பக்கக் கீறல்களை வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள். முதலில் பார்வைப் பரப்புப் பரிசோதனை செய்யுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் சில நிமிடங்களே ஆகும். கிண்ணம் போன்ற திரையில் ஆங்காங்கே தோன்றும் ஒளிப்புள்ளியைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.


சிராங்கூன் (சிங்கப்பூர்) எழுதியது:

இங்கே அறுபத்தைந்து வயதானதும் மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் உரிமம் நீடிக்கும். அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் பரிசோதனை. யாரும் இதை அவமானமாகக் கருதுவதில்லை. ஆனால் இங்கே இரயிலும் பேருந்தும் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் உரிமம் போனாலும் வாழ்க்கை நின்றுவிடாது. கடைமடை ஐயா எழுதியதைப் படித்தபின், இந்த விதியை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே நட முடியாது என்றே தோன்றுகிறது.


கிழக்குக்கரை (தோக்கியோ) எழுதியது:

ஜப்பானில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். உலகிலேயே இந்தக் கேள்வியை மிகக் கடுமையாக எதிர்கொண்ட நாடு இதுவாகத்தான் இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 19 அன்று தோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயது ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் ஓட்டிய கார் சிவப்பு விளக்கை மீறிப் பாய்ந்து, சைக்கிளில் சாலையைக் கடந்துகொண்டிருந்த 31 வயதுத் தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. கார் பழுதென்று அவர் வாதிட்டார். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தினார் என்று நீதிமன்றம் கண்டறிந்து 2021 செப்டம்பரில் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மனைவியையும் மகளையும் இழந்த அந்த இளங்கணவர் செய்தியாளர்கள் முன் வந்து, ஓட்டுவதில் ஐயம் உள்ள முதியவர்கள் ஒரு கணம் யோசிக்கட்டும், வீட்டாரும் பேசட்டும் என்று வேண்டிக்கொண்டார். அந்த ஆண்டு மட்டும் சுமார் 6 இலட்சம் பேர் தம் உரிமத்தைத் தாமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

உரிமத்தைத் தாமாக ஒப்படைக்கும் முறை இங்கே 1998 முதல் இருக்கிறது. ஒப்படைப்பவருக்கு, அவர் இத்தனை காலம் ஓட்டியதற்குச் சான்றாக ஓர் அட்டை கிடைக்கும். அது அடையாளச் சான்றாகவும் பயன்படும், பல ஊர்களில் பேருந்து, டாக்சிக் கட்டணச் சலுகையும் உண்டு. முதியவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இந்த ஏற்பாட்டின் நாகரிகம் எனக்கு மிகவும் பிடித்தது.

உரிமத்தை வைத்துக்கொள்ள விரும்புபவர் எழுபது வயதிலிருந்து முதியோர் வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும். எழுபத்தைந்திலிருந்து அறிதிறன் தேர்வும் உண்டு: பதினாறு படங்களைக் காட்டி, இடையில் வேறு வேலை கொடுத்துவிட்டு, நினைவிலிருப்பவற்றை எழுதச் சொல்வார்கள், இன்றைய தேதி, கிழமை, நேரம் கேட்பார்கள். மறதிநோய் ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். உறுதியானால் உரிமம் போய்விடும். 2022 மே முதல், குறிப்பிட்ட போக்குவரத்து மீறல்கள் செய்தவர்கள் எழுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களாக இருந்தால் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். தானியங்கி பிரேக் போன்ற பாதுகாப்பு வசதிகள் உள்ள காரை மட்டும் ஓட்டலாம் என்ற தனி உரிமமும் அதே மாதம் வந்தது. முழு உரிமத்துக்கும் ஒன்றுமே இல்லாததற்கும் இடையில் ஒரு படி இருக்கிறது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

ஆனாலும் சிற்றூர்களில் நிலைமை கடினம். மலைக்கிராமத்தில் பேருந்து நின்றுபோன வழித்தடத்தில் தனியாக வாழும் எண்பது வயது மூதாட்டி காரை விட்டுவிட்டு எங்கே போவார்?


நெல்லைச்சீமை எழுதியது:

கடைமடை ஐயாவின் பதிவை மதிப்போடு படித்தேன். ஆனால் தம்மைத் தாமே அளந்துகொள்ளும் திறனே முதலில் போய்விடும் நோய் ஒன்று இருக்கிறது. என் தந்தைக்கு நேர்ந்தது அதுதான்.

அவரும் மிக நிதானமான ஓட்டுநர். முதலில், வழக்கமான வழியில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டார். பிறகு கடைவீதியில் வண்டியை நிறுத்திவிட்டு, நிறுத்திய இடம் தெரியாமல் நடந்தே வீடு வந்தார். ஒருநாள் இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரை ஓடவிட்டு, அது ஏன் ஓடுகிறது என்று புரியாமல் நடுச்சாலையில் நின்றுவிட்டார். பின்னால் வந்த வேன் ஓட்டுநர்தான் இறங்கிவந்து ஓரங்கட்டினார். அந்தச் சமயத்தில் உரிமம் புதுப்பிக்க வேண்டி வந்தது. மருத்துவச் சான்றிதழுக்காக ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனோம். நான் வெளியே நடந்தவற்றை எழுதியே வைத்திருந்தேன். சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. வரவேற்பில் பணம் கட்டினோம், உள்ளேயிருந்து கையெழுத்தோடும் முத்திரையோடும் படிவம் வந்தது. மருத்துவர் என் தந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாண்டு உரிமம் கிடைத்தது. அடுத்த ஆறு மாதத்தில் நரம்பியல் மருத்துவர் மறதிநோய் என்று உறுதி செய்தார்.

இதில் எனக்குள்ள ஆற்றாமை மிகப் பெரிது. அந்த ஆறு மாதங்களில் யாராவது ஒரு குழந்தை குறுக்கே ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என்னால் எண்ணிப்பார்க்கவே முடியவில்லை. விதி இருக்கிறது, படிவம் இருக்கிறது, கேள்விகளும் இருக்கின்றன. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. புதிய தேர்வுகளைக் கொண்டுவருவதற்கு முன்னால், இருக்கும் இந்த ஒரு தாளை உண்மையாக நிரப்பச் செய்யட்டும்.

தந்தையிடம் நாங்கள் நேரடியாகச் சாவியைப் பிடுங்கவில்லை. அவர் பெரிதும் மதிக்கும் மருத்துவரே அவரிடம் பேசினார். மருந்துச்சீட்டில், வாகனம் ஓட்டக்கூடாது என்று எழுதித் தந்தார். மகள் சொன்னால் கோபம் வந்தது. மருத்துவர் எழுதியதை ஏற்றுக்கொண்டார். காரை விற்கும்போது விலைபேசும் பொறுப்பை அவரிடமே விட்டோம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, உரிமம் வைத்திருப்பவர் நோயாலோ உடற்குறையாலோ ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தால், உரிமம் வழங்கும் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் புதிய மருத்துவச் சான்றிதழைக் கேட்கலாம், உரிமத்தை இரத்தும் செய்யலாம். பேசிப் பயனில்லாத குடும்பங்கள், மருத்துவ ஆவணங்களோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை எழுத்து மூலம் அணுக இதில் இடமிருக்கிறது.


எண்ணும்எழுத்தும் எழுதியது:

நெல்லைச்சீமை எழுதியதைப் படித்தபின், எழுபது ஆனவர் எல்லோருக்கும் கட்டாயத் தேர்வு வைத்துவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் அந்த எண்ணம் வலுவாக இருந்தது. ஆனால் அப்படிச் செய்த நாடுகளின் பட்டறிவு வேறு விதமாக இருக்கிறது.

பின்லாந்தில் வயது அடிப்படையிலான மருத்துவப் பரிசோதனை இருந்தது. அண்டை நாடான சுவீடனில் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு 1996இல் வெளியான ஆய்வு, முதிய கார் ஓட்டுநர்களின் விபத்தில் பின்லாந்துக்கு எந்த ஆதாயமும் இல்லை என்று கண்டது. மாறாக, காருக்கு வெளியே, நடந்தோ சைக்கிளிலோ சென்று இறந்த முதியவர்களின் விகிதம் அங்கேதான் அதிகம். டென்மார்க் 2006இல், எழுபது வயதினருக்கு அறிதிறன் சோதனையையும் சேர்த்துக் கட்டாயமாக்கியது. அதன் விளைவை ஆராய்ந்தபோதும் இதே போக்குதான் தென்பட்டது. 2017இல் வயது அடிப்படையிலான அந்தப் பரிசோதனையையே அந்நாடு கைவிட்டது.

காரிலிருந்து இறக்கப்பட்ட முதியவர் காற்றில் மறைந்துவிடுவதில்லை. அவர் தெருவில் நடக்கிறார், சாலையைக் கடக்கிறார். நம் ஊரில் காரை விட்டவர் பெரும்பாலும் மொபெட்டையோ ஸ்கூட்டரையோ எடுக்கிறார். அறுபத்தெட்டு வயதுக்காரரைக் காரிலிருந்து இறக்கி எக்ஸ்.எல். மொபெட்டில் ஏற்றிவிட்டுச் சாலை பாதுகாப்பானதாகிவிட்டது என்று சொல்ல முடியுமா? 2022இல் நாட்டில் சாலையில் இறந்தவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களிடம் மனச்சோர்வு ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகிறது என்பதும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது.

ஆகவே வயதைக் கண்டு எல்லோரையும் சலிப்பதைவிட, அறிகுறி கண்டவரை முறையாகச் சோதிப்பதே பலன் தரும் என்று கருதுகிறேன். கீறல், வழிதவறல், மருத்துவரின் ஐயம், வீட்டாரின் முறையீடு ஆகிய எது எழுந்தாலும் அப்போது ஓட்டிக் காட்டும் தேர்வு இருக்கட்டும். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 விழுக்காடு, 2031இல் 18.2 விழுக்காடாக இருப்பார்கள் என்பது அரசின் கணிப்பு. இதற்கான ஏற்பாட்டை இப்போதே தொடங்க வேண்டும்.


அடையாறு (சென்னை) எழுதியது:

மாற்று ஏற்பாடு பற்றி ஒரு சொல். சென்னை மாநகரப் பேருந்துகளில் அறுபது வயது நிறைந்தவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன்கள் தருகிறார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. நிறுத்தத்தில் நின்றதும் பக்கவாட்டில் சாய்ந்து படி தாழ்கிறது. முழங்கால் வலி உள்ள என் பெரியம்மா இந்தப் பேருந்துக்காகவே காத்திருந்து ஏறுகிறார். மன்னார்குடிக்கும் இது வராதவரை, கடைமடை ஐயாவிடம் காரை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.


பயிற்சிவண்டி (சேலம்) எழுதியது:

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், "அப்பா ஓட்டுவது சரியாக இருக்கிறதா, கூடப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்வதுண்டு. அப்போது நான் எதைக் கவனிக்கிறேன் என்று சொல்கிறேன்.

தெரிந்த தெருக்களில் கொஞ்ச நேரம், தெரியாத தெருக்களில் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்வேன். தெரிந்த வழியில் கையும் காலும் பழக்கத்தால் ஓட்டிவிடும். தெரியாத வழியில்தான் மனம் வேலை செய்ய வேண்டும். மெதுவாக ஓட்டுவது எனக்குக் குறையாகப் படுவதில்லை. நான்காவது கியரில் இருபத்தைந்தில் ஊர்ந்து, என்ஜின் திணறுவதைக் கேட்காமல் இருந்தால் அது குறை. சந்தியில் தலை இரு பக்கமும் திரும்புகிறதா, கழுத்து திரும்பாததால் கண் மட்டும் திரும்புகிறதா என்று பார்ப்பேன். வேகத்தடையில் ஏறும் அதே நேரத்தில் ஓரத்தில் ஒருவர் இறங்கி நடந்தால் இரண்டையும் கவனிக்கிறாரா என்பது மிக முக்கியம். ஒன்றை மட்டும் பார்த்தால் எச்சரிக்கை தேவை. பக்கத்தில் இருப்பவர் "ஆள், ஆள்" என்று சொன்ன பிறகுதான் கால் பிரேக்குக்குப் போகிறது என்றால், அந்த வீட்டில் மனைவிதான் பாதி ஓட்டுநர். அவர் இல்லாத நாளில் ஆபத்து.

இடப்பக்கப் பின்கதவுக் கீறல் பெரும்பாலும், கேட்டுக்குள் திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கும் அளவை மறந்து முன்கூட்டியே ஒடிப்பதால் வருவது. கண்ணில் குறையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால் இதைப் பயிற்சியால் திருத்தலாம். இடக் கண்ணாடியைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்து, பின்சக்கரம் தூணைத் தாண்டுவதைப் பார்த்துத் திரும்பச் சொல்லுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தந்தை பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டு வந்தார். பார்வைப் பரப்பில் குறையில்லை. இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது. இடக்கண்ணில் முற்றியிருக்கிறது, முதலில் அதற்கு அறுவைச் சிகிச்சை செய்யவிருக்கிறார்கள். அதுவரை இரவில் ஓட்டுவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். படிவம் 1-ஏ-ஐ அந்த மருத்துவர் மூலம் முழுமையாக நிரப்பிய பிறகே விண்ணப்பிப்போம். உரிமம் காலாவதியான பின்னும் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை என்பதால் அவசரமில்லை. அந்த இடைக்காலத்தில் அவர் வண்டியைத் தொடமாட்டார்.

இரண்டு ஐயங்கள். கியர் மாற்றும் சிரமம் குறையட்டும் என்று தம்பி ஆட்டோமேட்டிக் கார் வாங்கச் சொல்கிறான், அது நல்லதா? அறுவைச் சிகிச்சைக்குப் பின் எப்போது ஓட்டலாம்?


பயிற்சிவண்டி எழுதியது:

இடக்கால் மூட்டு வலி இருந்தால் ஆட்டோமேட்டிக் உதவும். ஆனால் தோக்கியோ நண்பர் எழுதிய பெடல் தவறு ஆட்டோமேட்டிக்கில்தான் கொடிது. கியர் வண்டியில் தவறாக மிதித்தாலும் பதற்றத்தில் கிளட்ச்சும் சேர்ந்து மிதிபடும். என்ஜின் உறுமும், வண்டி நகராது. ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தடுப்பு இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது உடம்பை முறுக்கிப் பின்னால் பார்ப்பார்கள். இடுப்பு நகர, வலது கால் தன்னையறியாமல் ஆக்சிலரேட்டர் பக்கம் சாயும். எனவே குதிகாலைப் பிரேக்குக்கு நேர் கீழே ஊன்றி, பாதத்தை மட்டும் திருப்பப் பழக வேண்டும். ரிவர்ஸில் ஆக்சிலரேட்டரே தேவையில்லை. பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி தானே ஊரும். வார் இல்லாத செருப்போடு ஓட்டவே கூடாது. நாற்பது ஆண்டு கியர் வண்டிப் பழக்கம் உள்ளவர் எழுபத்தைந்தில் மாறுவதானால், திறந்த மைதானத்தில் நன்றாகப் பழகிய பிறகே தெருவுக்கு வர வேண்டும்.


புரையகற்றி எழுதியது:

நல்ல செய்தி. அறுவைச் சிகிச்சைக்குப் பின் உங்கள் மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகே ஓட்ட வேண்டும். ஒரு கண்ணுக்கு மட்டும் முடிந்து மற்றதில் புரை இருக்கும் இடைக்காலத்தில் தூரத்தைக் கணிப்பது தடுமாறும். இரண்டாவது கண்ணை அதிகம் தள்ளிப்போட வேண்டாம். கண் ஆறி, புதிய கண்ணாடி எழுதித் தர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்துக்குத் தரும் அல்பிரசோலம் மறுநாள் காலையிலும் மந்தத்தை விட்டுவைக்கும். சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரையும் அப்படியே. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை எடுப்பவர் சாப்பாடு தவறிய நேரத்தில் ஓட்டினால், சர்க்கரை தாழ்ந்து சந்தியிலேயே நினைவு மங்கக்கூடும். சாப்பிட்ட பிறகே வண்டியை எடுக்கட்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வியர்வையோ நடுக்கமோ தோன்றினால் உடனே ஓரங்கட்டி, குளுக்கோஸ் சாப்பிட்டு, முழுவதும் தெளிந்தபிறகு பயணத்தைத் தொடரட்டும்.